தடித்த ஸ்லாப் செரிஃப் எழுத்து: கடைப் போர்டிலிருந்து பாட்டில் லேபிள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா போர்டு போட வந்திருந்தார். நாலு டிசைன் காட்டினேன். மூன்றை ஒதுக்கிவிட்டு நாலாவதில் இருந்த ஆங்கில எழுத்தின் மேல் விரலை வைத்தார். "தம்பி, இந்த எழுத்து தரையில காலை ஊனி நிக்குது பாருங்க, இதையே போட்டுடுங்க." அவர் காட்டியது ஸ்லாப் செரிஃப். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் அதன் குணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் போர்டு, லேபிள், நோட்டீஸ் என்று பல வருடமாக எழுத்தோடுதான் என் பிழைப்பு. இந்த ஒரு எழுத்து வகையைச் சரியாகக் கையாண்டால் சாதாரணக் கடையின் போர்டுகூட தெருவில் தனியாகத் தெரியும், தப்பாகக் கையாண்டால் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால், அந்த அக்காவின் கடை வேலையையே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில் எழுத்தைப் பாருங்கள்

ஆங்கில எழுத்துகளின் முனையில் சின்னதாக ஒரு பட்டை நீண்டிருக்குமே, அதுதான் செரிஃப். புத்தக எழுத்துகளில் அது மெல்லியதாக, கூர்மையாக முடியும். ஸ்லாப் செரிஃபில் அது ஒரு பலகைத் துண்டு மாதிரி, தண்டின் கனத்துக்குக் கிட்டத்தட்ட சமமாகவே இருக்கும். தமிழில் ா என்ற குறியைக் கால் என்று சொல்வதால் குழப்பம் வேண்டாம், இந்தப் பட்டையை நான் பாதம் என்றே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரில் எம்எஸ் ஆபீஸ் இருந்தால் ராக்வெல் ஃபாண்ட் அநேகமாக இருக்கும். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'வைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே இரண்டு பாதம் இருக்கும், உச்சியிலும் குறுக்கே ஒரு பட்டை இருக்கும். அடுத்து 'எச்' அடியுங்கள். நிற்கும் தண்டு, குறுக்குக் கோடு, நாலு மூலைப் பாதம், எல்லாமே ஏறக்குறைய ஒரே கனம். இந்த ஒரே கனம்தான் இந்த எழுத்தின் உயிர். எங்கேயும் மெலியாததால் தூரத்திலிருந்து பார்க்கும்போது எந்தக் கோடும் காணாமல் போவதில்லை.

மெலிந்த ஸ்லாபும் உண்டு. டைப்ரைட்டரில் அடித்த பழைய ஆபீஸ் கடிதங்களில் பார்த்த எழுத்து அந்தக் குடும்பம்தான், 1955இல் ஐபிஎம் டைப்ரைட்டருக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியரும் அப்படியே. நாம் இங்கே பேசுவது அதன் தடித்த அண்ணனை, அதாவது தலைப்புக்கும் போர்டுக்கும் என்றே பிறந்ததை.

இது ஏன் பிறந்தது என்று தெரிந்தால் எங்கே போடுவது என்பதும் தெரியும்

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது இங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களின் அச்சு இயந்திரத்தையும் கொண்டுபோனார்கள். அது சென்னை வேப்பேரியில் ஃபெப்ரீஷியஸ் பாதிரியாரின் கைக்குப் போய்த் தமிழ் அச்சு வேலைக்குப் பயன்பட்டது. அந்தக் காலத்தில் உலகத்தில் எங்குமே ஸ்லாப் எழுத்து கிடையாது, அச்சு என்றால் பெரும்பாலும் புத்தகம்தான். கையில் பிடித்து, ஒரு முழத் தூரத்தில் வைத்துப் படிக்கும் எழுத்து.

அப்புறம் இங்கிலாந்தில் ஆலைகள் பெருகின, விற்க வேண்டிய சரக்கு பெருகியது, சுவரில் ஒட்டும் நோட்டீஸ் பெருகியது. நடந்துபோகிறவனை நிறுத்த வேண்டும், புத்தக எழுத்தால் அது முடியவில்லை. 1815ஐ ஒட்டி லண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் 'ஆன்டிக்' என்ற பெயரில் கனத்த பாதம் வைத்த எழுத்தை வெளியிட்டார். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் எகிப்து மோகம் பிடித்திருந்த நேரம் அது, அதனால் இந்த வகைக்கே ஈஜிப்ஷியன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் வந்தவையும் மெம்பிஸ், கெய்ரோ, கர்னாக் என்று எகிப்து ஊர்ப் பெயர்களையே வைத்துக்கொண்டன.

1827இல் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்து வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். ஈயத்தில் அரை அடி எழுத்து வார்த்தால் கனமும் செலவும் தாங்காது, மரத்தில் அந்தத் தொல்லை இல்லை, அதனால் போஸ்டர் எழுத்துகள் கிடுகிடுவென வளர்ந்தன. 1845இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி கிளாரெண்டன் எழுத்தை வெளியிட்டுச் சட்டப்படி பதிவும் செய்தார், ஆனால் பாதுகாப்பு மூன்றே வருடம். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் ஆளுக்கொன்றாக நகல் எடுத்துவிட்டன. பிறந்த நாளிலிருந்தே இது கூவி விற்கும் எழுத்து. கொஞ்சம் வார்த்தையைப் பெரிதாகச் சொல்லத்தான் இது வந்தது.

தூரத்தை அளந்த பிறகுதான் ஃபாண்ட்

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன் கடை வாசலுக்குப் போங்கள். யார், எங்கே இருந்து, எவ்வளவு வேகத்தில் போகும்போது படிப்பார்கள்? போர்டு வேலையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயர எழுத்து இருந்தால் சிரமமில்லாமல் படிக்கலாம். அக்கா கடைக்கு எதிர்ப்பக்கம் பஸ் போகும் இடத்திலிருந்து 60 அடி வந்தது. அப்படியானால் சின்ன எழுத்தே 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

இதே கணக்கைப் புதுச்சேரி ஒயிட் டவுனில் போட்டால் வேறு விடை வரும். அங்கே தெரு குறுகல், ஆட்கள் நின்று நிதானமாக நடக்கிறார்கள், பத்துப் பதினைந்து அடியிலிருந்து பார்ப்பார்கள். அந்த இடத்தில் இரண்டு அங்குல எழுத்தே தாராளம், அதோடு படுகனமான ஸ்லாப் போட்டால் காது பக்கத்தில் வந்து கத்துவது போல இருக்கும். இரண்டு ஊருக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் கடலூரில் எடுபட்ட கனம் அங்கே எடுபடாது. ஒயிட் டவுன் கடைகளுக்கு நான் மீடியம் கனத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

எந்த ஸ்லாப்?

பாதம் தண்டோடு சேரும் மூலையைப் பாருங்கள். சதுரமாக வெட்டினது மாதிரி இருந்தால் அது ராக்வெல் வகை, 1934இல் மோனோடைப் என்ற எழுத்து நிறுவனம் வெளியிட்டது. வட்டமும் கோடும் காம்பஸ், ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருப்பதால் ஹார்டுவேர், எலெக்ட்ரிக்கல், ஒர்க்‌ஷாப், ஜிம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மூலை கொஞ்சம் வளைந்து இணைந்தால் அது கிளாரெண்டன் வகை. கனம் அதே கனம்தான், ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். சாப்பாட்டுப் பொருள், பேக்கரி, எண்ணெய், காபித்தூள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன். மூன்றாவதாக, பாதம் தண்டைவிடக் கனமாக இருக்கும் ஒன்று உண்டு, கௌபாய் படத்துப் போஸ்டர் எழுத்து. பார்த்த உடனே அமெரிக்கப் பாலைவனம் ஞாபகம் வந்துவிடும் என்பதால் நம் ஊர்க் கடைக்கு அது வேண்டாம்.

காசில்லாமல், சட்டப்படி, வியாபாரத்துக்கும் பயன்படுத்தக்கூடியவை கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கின்றன. ஆல்ஃபா ஸ்லாப் ஒன் ஒரே கனத்தில்தான் வரும், ஆனால் நல்ல கனம், 19ஆம் நூற்றாண்டு லண்டன் எழுத்தை மனதில் வைத்து வரைந்தது. பெஸ்லி என்ற ஃபாண்ட் அந்தப் பழைய கிளாரெண்டனின் வாரிசு, சாதாரண கனத்திலிருந்து படுகனம் வரை கிடைக்கும். ரோபோட்டோ ஸ்லாபில் 100 முதல் 900 வரை கனம் இருக்கிறது, எண் கூடக் கூட எழுத்து தடிக்கும். யாரோ பென்டிரைவில் கொடுத்த ஐயாயிரம் ஃபாண்ட் தொகுப்பை விட்டுவிட்டு இந்த மூன்றை நன்றாகப் பழகுங்கள், வேலைக்குப் போதும். அக்கா கடைக்குப் பெஸ்லியை எடுத்தேன்.

ஒன்று மட்டும் கேளுங்கள். இடம் நிரம்பவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் நிற்கும் தண்டு மட்டும் பருக்கும், பாதமும் குறுக்குக் கோடும் அதே கனத்தில் நிற்கும், ஒரே கனம் என்ற உயிரே போய்விடும். மற்ற எழுத்துகளில் இந்தத் தப்பு ஓரளவு மறையும், ஸ்லாபில் மறையவே மறையாது. கனம் போதவில்லை என்று பி பட்டனை அமுக்குவதும் அப்படித்தான், ஃபாண்டில் உண்மையான போல்டு இல்லையென்றால் சாஃப்ட்வேர் சும்மா சுற்றிலும் மை பூசிவிடும், உள் ஓட்டைகள் அடைபடும்.

வார்த்தையைக் குறையுங்கள், இடைவெளியைக் கையால் சரிசெய்யுங்கள்

தடித்த ஸ்லாபில் மூன்று நாலு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. முகவரி, போன் நம்பர், 'எங்களிடம் கிடைக்கும்' பட்டியல் எல்லாம் பாதமில்லாத சாதாரண எழுத்துக்குப் போகட்டும். அக்கா ஆங்கிலத்தில் ஏழு வார்த்தை எழுதிக் கொண்டுவந்திருந்தார். பேசிப் பேசி 'வுட் பிரெஸ்டு ஆயில்' என்று மூன்றாக்கினோம்.

பெரிய எழுத்தில் அடித்ததும் பாதங்களைப் பாருங்கள். எச், ஐ, எம், என் போல நேர்த்தண்டு எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பாதங்கள் முட்டிக்கொள்ளும். எல், டி, ஏ, வி வரும் இடத்தில் குழி விழும். இரண்டையும் சாஃப்ட்வேர் முழுசாகச் சரிசெய்யாது, ஜோடி ஜோடியாக நீங்கள்தான் நகர்த்த வேண்டும். என் வழி: எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடுவேன். வார்த்தை படிக்க வராதபோது கண் இடைவெளியை மட்டும்தான் பார்க்கும்.

நான் செய்த முதல் லைட் போர்டு ஒரு மெடிக்கல் கடைக்கு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, இருப்பதிலேயே கனமான ஸ்லாப், நெருக்கமான இடைவெளி. பகலில் கம்பீரமாக இருந்தது. ராத்திரி உள்ளே டியூப் எரிந்ததும் வெளிச்சம் எழுத்தின் ஓரத்தைத் தாண்டிப் பரவி, 'மெடிக்கல்ஸ்' என்ற ஆங்கில வார்த்தையின் பாதங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு, எதிர்ச் சாரியிலிருந்து பார்க்க ஒரு வெள்ளைப் பட்டை மட்டும்தான் தெரிந்தது. ராத்திரிதான் அந்தக் கடைக்கு ஆள் தேடி வருவார்கள். என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து உள்ளிருந்து ஒளிரும் போர்டு என்றால் கனத்தில் ஒரு படி குறைத்து, இடைவெளியை ஒரு படி கூட்டித்தான் போடுகிறேன்.

தமிழைப் பக்கத்தில் வைப்பது

இதுதான் பெரிய வேலை, பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். ஆங்கிலத்துக்கு ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, தமிழுக்குக் கம்ப்யூட்டரில் எது இருக்கிறதோ அதைப் போட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும், தமிழும் ஆங்கிலமும் பிற மொழியும் 5:3:2 என்ற விகிதத்தில். விதி இருக்கட்டும், படிக்கப் போகிறவர்கள் தமிழர்கள், அவர்கள் கண் முதலில் போவதே தமிழ் வரிக்குத்தான்.

தமிழ் எழுத்துக்குச் செரிஃப் மரபு கிடையாது. அதனால் சிலர் ஆங்கிலத்துக்குப் பொருந்தட்டும் என்று தமிழ் எழுத்தின் அடியிலும் சதுரப் பாதத்தை ஒட்டவைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 'காரம்' என்று எழுதிப் பாருங்கள். அதில் க-வுக்கு அடுத்து வரும் காலும் அதற்கடுத்த ர-வும் ஒரே உருவம்தான், ர-வின் அடியில் இருக்கும் சின்னச் சாய்கோடு மட்டுமே வித்தியாசம். காலுக்கு அடியில் ஒரு பாதத்தை ஒட்டினால் அது ர மாதிரி ஆகிவிடும், 'கரரம்' என்று வாசிக்க வேண்டியதுதான். நம் எழுத்தில் அடிமுனைக்கு அர்த்தம் இருக்கிறது, அது அலங்காரத்துக்கான இடம் இல்லை.

அப்படியானால் எதைப் பொருத்துவது? கனத்தை. ஆங்கில எச்-ஐயும் தமிழ் ப-வையும் பக்கத்தில் பக்கத்தில் அடியுங்கள். இரண்டின் நேர்த்தண்டு அகலத்தையும் ஒரு சின்னச் செவ்வகம் வரைந்து அளந்து பாருங்கள். பாயின்ட் அளவு என்ன என்பதை மறந்துவிடுங்கள், தண்டு அகலம் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே குரலில் பேசும். ப, ட, ம எல்லாம் நேர்க்கோடும் சதுர மூலையுமாக இருப்பவை, கோடு முழுக்கக் கனம் பெரிதாக மாறாதவை. அதனால் தமிழோடு சேர்ந்து நிற்க ஆங்கிலத்தில் ஸ்லாபைவிடப் பொருத்தமான வகை இல்லை என்பது என் அனுபவம். மெல்லிய மயிர்க்கோடு வைத்த ஆங்கில எழுத்துகளைத் தமிழோடு வைத்தால் அவை நோஞ்சானாகத் தெரியும்.

தமிழ் ஃபாண்டில் நான் முதலில் போவது அனெக் தமிழ். 800 வரை கனம் உண்டு, அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் இழுத்துப் பிடிக்கும் வேலையே இல்லை, கோட்டு முனைகளும் வெட்டினது போல நேராக முடியும். கேட்டமரான் ஃபாண்டில் 900 வரை கனம் போகலாம். பலூ தம்பி நல்ல எழுத்துதான், ஆனால் உருண்டை முனை, ஸ்லாபின் சதுரப் பாதத்துக்குப் பக்கத்தில் வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். ஐஸ்கிரீம் கடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோதனை வார்த்தை: 'எண்ணெய்'. அக்கா கடைக்கு இந்த வார்த்தையே வந்தது நல்லதாகப் போயிற்று. ண-வின் சுழிகளுக்குள் இருக்கும் ஓட்டைதான் கனம் கூடும்போது முதலில் அடைபடும். ஒரு ண் பக்கத்திலேயே இன்னொரு ணெ, அதன் கொம்புக்குள்ளும் ஒரு சுழி. கம்ப்யூட்டரில் அந்த வார்த்தையை ஒரு விரல்நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். சுழிகளுக்குள் வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கனம் சரி. தெரியாவிட்டால் 800இலிருந்து 700க்கு வாருங்கள், தயங்க வேண்டாம்.

வரி இடைவெளியையும் கவனியுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து மேலும் கீழும் ஒரே கோட்டில் நிற்கும், தமிழுக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே கு, ழு, ஞ இறங்கும் பகுதியும் வேண்டும். ஆங்கிலம் மேலே, தமிழ் கீழே என்று வைத்தால் புள்ளி நேராகப் போய் ஸ்லாபின் பாதத்துக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும், தூரத்திலிருந்து புள்ளியும் தெரியாது, பாதத்துக்கும் மரு வந்தது போல இருக்கும். அக்காவின் போர்டு 16 அடிக்கு 3 அடி. 36 அங்குல உயரத்தில் தமிழ் ப-வின் உயரம் 10, ஆங்கிலம் 6, மீதியெல்லாம் காற்று. புள்ளிக்கும் 'கு'வுக்கும் அந்தக் காற்று வேண்டும்.

எதில் செய்யப் போகிறீர்கள்?

கனமான பாதத்துக்கு ஒரு பெரிய லாபம், அது எந்தப் பொருளிலும் உடையாது. வினைல் ஸ்டிக்கர் வெட்டி மிச்சத்தை உரிக்கும்போது மெல்லிய செரிஃப் கிழிந்து கூடவே வந்துவிடும், ஸ்லாப் நிற்கும். அக்ரிலிக் எழுத்துக்குள் எல்இடி வைக்க வேண்டுமானால் தண்டு முழுக்க எல்இடி உட்காரும் அகலம் வேண்டும், ஸ்லாபில் பாதம் வரைக்கும் அந்த அகலம் கிடைக்கும். நம் இரண்டு ஊரிலும் உப்புக்காற்று வேறு. கடலூர் ஓல்டு டவுன் துறைமுகப் பக்கம் போனால் பாருங்கள், பெயின்ட் உரிந்த போர்டில்கூட தடித்த எழுத்து வாசிக்கக் கிடைக்கும், மெல்லியது முதலிலேயே போயிருக்கும். ஃபிரேமுக்குக் கருப்பு இரும்பை விட்டுவிட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது அலுமினியம் கேளுங்கள்.

ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் மட்டும் ஜாக்கிரதை. துணிப்பையில் மை பரவும், ஓட்டைகள் அடையும். போர்டில் போட்ட கனத்திலிருந்து இரண்டு படி இறக்குங்கள்.

அதே எழுத்து, பாட்டில் லேபிளில்

போர்டு முடிந்ததும் அக்கா, "இதையே சின்னதாக்கி பாட்டிலுக்குப் போட்டுடுங்க தம்பி" என்றார். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பெரிதாகப் பார்க்க வரைந்த எழுத்தை அரை அங்குலத்துக்குச் சுருக்கினால் எண்ணெய் என்பதில் எண்ணெய் ஒழுகியது மாதிரி மை தேங்கும். லேபிளில் கடைப் பெயர் ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் விட்டேன், அதிலும் தமிழை 700க்கு இறக்கி எழுத்து இடைவெளியை இரண்டு சதவீதம் கூட்டினேன். அளவு, தயாரித்த தேதி, விலை எல்லாம் சாதாரண கனத்தில். கடலை, எள், தேங்காய் என்று வகை சொல்லும் வார்த்தைக்கு நடுத்தர கனம். மூன்று கனம், அதற்கு மேல் வேண்டாம்.

கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட மலரின் உள்பக்கம், இங்கெல்லாம் இந்த எழுத்தைத் தொட மாட்டேன். துக்க வீட்டில் சத்தமாகப் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன்

டிசைன் சாஃப்ட்வேர் கோரல்டிரா என்றால் கன்ட்ரோல் க்யூ அடித்து எழுத்தை எல்லாம் கர்வ்ஸ், அதாவது வெறும் வடிவங்கள், ஆக்கிவிடுங்கள், இல்லஸ்ட்ரேட்டரில் அதற்குப் பெயர் அவுட்லைன். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உங்கள் ஃபாண்ட் இல்லாவிட்டால் ஸ்லாப் போய் ஏரியல் வந்து நிற்கும். கர்வ்ஸ் ஆக்குவதற்கு முன் தமிழை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். சில சாஃப்ட்வேரில் இந்திய மொழி அமைப்பை ஆன் செய்யாவிட்டால் 'ணெ' என்பதில் கொம்பு ண-வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும், கர்வ்ஸ் ஆனபிறகு அதை எழுத்தாகத் திருத்த வழியில்லை.

கடைசியாக ஒரு வேலை. டிசைனிலிருந்து 'ண்ணெ' என்ற துண்டை மட்டும் நிஜ அளவில் ஏ4 தாள்களில் பிரிண்ட் எடுத்து ஒட்டி, கடையின் முகப்பில் போர்டு வரப்போகும் உயரத்தில் மாட்டுங்கள். கடைக்காரரையும் அழைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். நாங்கள் நின்றபோது அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சுழி தெரியுது தம்பி, ஆனா புள்ளி கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. புள்ளியை மட்டும் ஒரு அங்குலம் பெரிதாக்கி அன்று சாயங்காலமே ஃபைலை அனுப்பினேன்.